நூறாவது சொடக்குத் தக்காளி

முதலில் ஒரு பிழையைத் திருத்திவிட வேண்டும். அதைத் திருத்தாமல் கதைக்குள் நுழைவது அறிவுக்கு அழகல்ல.

வயது முதிர்ந்த பூனையின் வால் இரண்டாகப் பிளக்கும்; அது பின்னங்கால்களில் எழுந்து நிற்கும்; தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடும்; விளக்கில் உள்ள எண்ணெயை நக்கும்; கடைசியில் வளர்த்தவரையே விழுங்கிவிடும். ஜப்பானில் நெடுங்காலம் இப்படி நம்பி வந்தார்கள். இவற்றில் எண்ணெயை நக்குவதும் அதற்காக எழுந்து நிற்பதும் மட்டும் உண்மை. அதற்கும் காரணம் பேய்த்தனம் அல்ல. அது மத்தி மீனிலிருந்து எடுத்த எண்ணெய். வருஷம் முழுவதும் தினைக் கஞ்சியும் முள்ளங்கி ஊறுகாயும் தின்கிற வீட்டில், மீன் வாசனை வீசும் ஒரே பொருள் விளக்குதான் என்றால் பூனை வேறு எங்கே போகும்? இதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. வாலை எண்ணிப் பார்க்கவும் இல்லை.

எண்ணப்படாத அந்த வால்களில் ஒன்று ஷிமா என்ற பூனையினுடையது.

ஜப்பானின் மலைநாடான ஷினானோவில், மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் ஜின்பெய், ஓமினே என்று ஒரு தம்பதி இருந்தார்கள். பட்டுப்புழு வளர்ப்பது அவர்கள் தொழில். பட்டுப்புழு என்றால் எலிக்கு உயிர். எலி என்றால் ஷிமாவுக்கு உயிர். ஆகவே பதின்மூன்று வருஷம் அந்த வீட்டுப் பரணில் ஒரு புழுகூடக் குறையவில்லை.

ஒரு மாலை ஓமினே விளக்கேற்றிவிட்டுக் கொல்லைப்புறம் போனாள். திரும்பி வரும்போது காகிதக் கதவில் ஒரு நிழலைப் பார்த்தாள். பூனையின் நிழல். அது இரண்டு காலில் நின்றது! விளக்குத் தண்டு உயரமானது. இரண்டு காலில் நிற்காமல் அதை எட்ட முடியாது. ஆனால் ஓமினே தண்டின் உயரத்தை அளக்கவில்லை. அலறினாள்.

மறுநாள் காலை கணவனும் மனைவியும் நெற்றி தரையில் படும்படி பூனையை வணங்கினார்கள்.

"ஷிமா அவர்களே! இத்தனை காலம் எங்கள் ஏழைக் குடிலில் இருந்ததற்கு மிக்க நன்றி! இனி தங்களுக்குப் பிடித்த மலைக்கு எழுந்தருள வேண்டும்!" என்றான் ஜின்பெய்.

பிறகு ஒரு கருவாட்டை வைக்கோலில் கட்டி வாசலுக்கு வெளியே வைத்தார்கள். ஷிமா அதை எடுக்கப் போனது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"அட பாவிகளா! பதின்மூன்று வருஷம்! ஒரு புழு குறைந்ததா? ஒரே ஒரு புழு!" என்று ஷிமா கத்தியது.

உள்ளே இருந்தவர்களுக்கு அது வெறும் மியாவ் என்றுதான் கேட்டது. அதுவும் பேய் மியாவாகக் கேட்டது.

ஷிமா கருவாட்டை வாயில் கவ்விக்கொண்டு மலையேறியது. கோபத்தில் அதைத் தின்ன மறந்துவிட்டது. அதன் கவலையெல்லாம் ஒன்றுதான். இலையுதிர் காலம் முடியப்போகிறது. ஷினானோவில் பனி வந்தால் ஆள் உயரம் விழும். வீட்டு அடுப்போரம் வளர்ந்த கிழட்டுப் பூனைக்கு, பனி நுழையாத ஓர் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வசந்தம் கிடையாது.

மலையில் ஒரு குளம் இருந்தது. குளத்தங்கரையில் பாழடைந்த மரக்கோயில் ஒன்று இருந்தது. அதன் தரைப் பலகைக்கு அடியில் ஒரு முழ உயரத்துக்கு உலர்ந்த இடம். நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம். மூன்று பேர் படுத்து வந்தார்கள்.

ஒருவர் நரி. இன்னொருவர் தனுகி. அது நாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரன். கண்ணைச் சுற்றிக் கருப்பு வளையம், குட்டையான கால், பெருத்த வயிறு. மூன்றாமவர் இதாச்சி. அது நம் ஊர்க் கீரியைப் போல நீண்டு மெலிந்த உடம்புக்காரன், ஓரிடத்தில் நிற்காதவன்.

ஷிமா போய்ச் சேர்ந்த நேரத்தில் மூவரும் கோயிலுக்குச் சற்று முன்னால் வட்டமாக உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாதாரணக் கதை அல்ல, பேய்க் கதை. அந்த நாட்டு மனிதர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நூறு விளக்குகளை ஏற்றிவைத்துக்கொண்டு பேய்க் கதை சொல்வார்கள். ஒரு கதை முடிந்தால் ஒரு விளக்கை அணைப்பார்கள். நூறாவது விளக்கும் அணைந்தால் உண்மையான பேய் வந்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திவிட்டு, கடைசி விளக்கைக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

விலங்குகளுக்கு விளக்கேற்றத் தெரியாது. ஆகவே, காகிதக் கூண்டு போன்ற உறைக்குள் சிவந்து தொங்கும் சொடக்குத் தக்காளிப் பழங்கள் நூற்றைப் பறித்து ஒரு புதரில் மாட்டிவைத்தன. அங்கே வந்தவர் யாரும் கதை சொல்லலாம், சொன்னவர் ஒரு பழத்தைத் தின்ன வேண்டும் என்பது விதி. மனிதர்கள் இதை இரவில் செய்கிறார்கள். இவர்கள் மதியத்துக்குப் பிறகு செய்தார்கள். இரவில் செய்தால் பயமாக இருக்கும் என்று தனுகி சொல்லிவிட்டது.

புதரில் ஐந்து பழங்கள் மிச்சம் இருந்தன.

ஒருவர் பேசும்போது குறுக்கே போவது முறையல்ல என்று பதின்மூன்று வருஷ வீட்டு வளர்ப்பு ஷிமாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அது கோயிலின் கல் விளக்குத் தூண் ஒன்றின் பின்னால் உட்கார்ந்து காத்திருந்தது.

"தொண்டை வறண்டுவிட்டது. இதோ வந்துவிட்டேன்!" என்று இதாச்சி குளத்துக்கு ஓடியது.

அது மறைந்ததும் நரி குரலைத் தாழ்த்தியது.

"தனுகி! தொண்ணூற்றாறாவது கதை கேள். குளிர் காற்று அடிக்கும்போது மனிதர்களின் முழங்காலுக்குக் கீழே தோல் திடீரென்று கிழிகிறதே, ரத்தம்கூட வருவதில்லையே, அது யார் வேலை தெரியுமா? இவன் வேலை! காற்றின் மேல் ஏறிக்கொண்டு வருவான். கையில் ஒரு சின்ன அரிவாள்!"

"ஐயோ! நம்மோடுதானே படுக்கிறான்!"

"அதனால்தான் நான் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறேன். என் சித்தப்பா கண்ணால் பார்த்தார்!"

நரி ஒரு பழத்தைத் தின்றது. இதாச்சி திரும்பி வந்தது.

"என்ன கதை ஓடியது?"

"கடல் பேயைப் பற்றி" என்றது நரி.

"கடலா? நீங்கள் கடலைப் பார்த்ததே இல்லையே!"

"பார்க்காததால்தான் அவ்வளவு பயங்கரம்!"

சிறிது நேரத்தில் தனுகிக்கு முதுகு அரித்தது. பைன் மரத்தில் உரசிக்கொள்ளப் போனது. உடனே இதாச்சி நரியின் காதருகே நெருங்கியது.

"அண்ணே! அவன் வயிற்றைப் பார்த்தீர்களா? கொழுப்பு என்றா நினைத்தீர்கள்? அது மத்தளம்! மூடுபனியில் அதைத் தட்டுவான். விறகு வெட்டுகிறவர்கள், ஏதோ திருவிழா என்று சத்தத்தைத் தேடிப் போவார்கள். திரும்பி வருவதில்லை! பிட்சு வேஷமும் போடுவானாம்!"

"எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு" என்றது நரி.

தனுகி உரசி முடித்து வந்தது. "என்ன கதை?"

"பனிப் பெண் என்ற பேய்" என்றது இதாச்சி பழத்தை மென்றுகொண்டே.

கல் விளக்கின் பின்னால் ஷிமாவின் மீசை துடித்தது. அந்தச் சலசலப்பு நரியின் காதில் விழுந்தது.

"ஏதோ சத்தம்! பார்த்துவிட்டு வருகிறேன்" என்று அது புதர்ப்பக்கம் போனது. ஆனால் தப்பான புதர்.

"அப்பாடா, போனார்!" என்றது தனுகி. "இதாச்சி, கிட்டே வா! வெயிலடிக்கும்போதே மழை பெய்கிறதே, அப்போது இவர் தலையில் ஓர் இலையை வைத்துக்கொண்டு மணப்பெண்ணாக மாறிவிடுவார். எத்தனை குடும்பம் நாசமாகியிருக்கிறது தெரியுமா? மாமியாருக்கே அடையாளம் தெரியாதாம்!"

"போன வாரம் தலையில் ஓர் இலை இருந்ததே!"

"இருந்ததா! நானும் பார்த்தேன்! காற்றில் விழுந்தது என்றார்!"

தனுகி அந்த ஐந்தில் மூன்றாவது பழத்தைத் தின்றது. நரி திரும்பி வந்து என்ன கதை என்று கேட்டது. ஒற்றைக் காலில் குதிக்கும் குடைப் பேயைப் பற்றி என்றார்கள்.

இப்போது புதரில் இரண்டு பழங்கள்தான் மிச்சம். இதுதான் சமயம் என்று ஷிமா வெளியே வந்தது. கருவாட்டை மூவருக்கும் நடுவில் வைத்துத் தலை தாழ்த்தியது.

"பெரியவர்களே! என் பெயர் ஷிமா. கீழே பட்டுப்புழு வீட்டில் இருந்தவள். துரத்திவிட்டார்கள். கோயிலுக்கு அடியில் ஒரு மூலை கொடுத்தால் போதும். அதிகம் இடம் அடைக்கமாட்டேன். எலி வந்தால் பிடித்துக் கொடுப்பேன்."

மூவரும் ஒரே சமயத்தில் பின்வாங்கினார்கள்.

"இரண்டு வால் பூனை!" என்று வீறிட்டது தனுகி.

"ஒரு வால்தான்! எண்ணிப் பாருங்கள்!" ஷிமா திரும்பி நின்று வாலைத் தூக்கிக் காட்டியது.

நரி எட்டத்தில் நின்றே எண்ணியது. "ஒன்றுதான். ஆனால் நுனியில் கொஞ்சம் யோசனையில் இருப்பது போலத் தெரிகிறது."

"இன்றைக்கு ஒன்று. நாளைக்கு?" என்றது இதாச்சி.

"வளர்த்தவர்களை விழுங்கிவிடுவாயாமே?" என்றது தனுகி.

"விழுங்கியிருந்தால் நான் ஏன் வெளியே நிற்கிறேன்? அவர்கள் உள்ளே இருக்கிறார்கள்! கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள்!" என்றது ஷிமா. "இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"ஊரே சொல்கிறது! மனிதர்கள் சொல்கிறார்கள்!"

ஷிமாவின் முதுகு ரோமம் எழுந்து நின்றது.

"மனிதர்களா! நரியாரே, வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் நீங்கள் மணப்பெண்ணாக மாறுவதாக அதே மனிதர்கள் சொல்கிறார்களே?"

நரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்!

"அபாண்டம்! பச்சைப் பொய்! எவனோ ஒருவன் குடித்துவிட்டு வயலில் விழுந்து கிடந்தான். வீட்டில் கேட்டார்கள். நரி மயக்கிவிட்டது என்றான். அன்று பிடித்தது சனியன்! என் பாட்டனார் அந்தப் பக்கம் போனதுகூட இல்லை!"

"சரி. தனுகியாரே, நீங்கள் வயிற்றைத் தட்டி வழிப்போக்கர்களை மயக்குகிறீர்களாமே?"

"வழி தவறியவன் சொல்கிற சாக்கு!" என்று தனுகி தரையை உதைத்தது. "என் வயிற்றில் சத்தம் வந்தால் அது பசி! பசி என்பது குற்றமா? சொல்லுங்கள், குற்றமா?"

"இதாச்சித் தம்பி, காற்றில் ஏறி வந்து கால்களைக் கிழிக்கிறாயாமே?"

"குளிரில் தோல் வெடிக்கிறது! எண்ணெய் தடவத் துப்பில்லாதவர்கள் என் மேல் போடுகிறார்கள்! அரிவாளாம், அரிவாள்! இந்தக் கையால் எப்படி அரிவாள் பிடிப்பது?" இதாச்சி தன் சின்னக் கையை நீட்டிக் காட்டியது.

"ஆகவே உங்கள் மூவரைப் பற்றி மனிதர்கள் சொன்னது பொய்."

"பொய்! பொய்! பொய்!"

"என்னைப் பற்றிச் சொன்னது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதில் ஏதாவது இருக்கத்தான் வேண்டும்" என்றது நரி.

"நெருப்பில்லாமல்..." என்று தொடங்கியது தனுகி.

"மத்தளம் இல்லாமல் சத்தம் வருமா என்கிறாயா?" என்று கேட்டது ஷிமா.

தனுகி வயிற்றை மறைத்துக்கொண்டது.

"அம்மா, கொஞ்சம் குளக்கரையில் போய் நில். நாங்கள் கலந்து பேசி நியாயமாக முடிவு சொல்கிறோம்" என்றது நரி.

ஷிமா போய் நின்றது. கலந்து பேசுகிற சத்தம் அதற்குத் தெளிவாகவே கேட்டது. பூனையின் காது அப்படி.

"தொண்ணூற்றொன்பதாவது கதை!" என்று நரி ஆரம்பித்தது. "ஒரு கிழட்டுப் பூனை. நல்லவள் போல வந்து இடம் கேட்டாள். கருவாடு கொண்டுவந்தாள். அது என்ன கருவாடு? மீன் கருவாடா? யாருக்குத் தெரியும்! தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடினாள். விடிந்தபோது படுத்திருந்த மூன்று பேரில் யாரும் இல்லை!"

"ஐயோ, அந்த மூன்று பேர் நாம்தானே!" என்று தனுகி அழத் தொடங்கியது.

நரி பழத்தைத் தின்றது. ஷிமாவைக் கூப்பிட்டார்கள்.

"நியாயமாக யோசித்தோம்" என்றது நரி. "இடம் இல்லை. கருவாட்டை வைத்துவிட்டுப் போகலாம்."

ஷிமா வானத்தைப் பார்த்தது. மேற்கே மேகம் வெள்ளையாகத் திரண்டிருந்தது. பிறகு புதரைப் பார்த்தது. ஒற்றைப் பழம் தொங்கிக்கொண்டிருந்தது.

"போகிறேன். ஆனால் இங்கே வந்தவர்கள் யாரும் ஒரு கதை சொல்லலாம் என்பது விதி, இல்லையா? மிச்சம் இருப்பதை நான் சொல்கிறேன்."

"நூறாவதா! வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!" மூவரும் அலறினார்கள். "நூறாவது சொன்னால் உண்மையான பேய் வந்துவிடும்!"

"நீங்கள் தீர்ப்புச் சொன்னபடி அது வந்தாகிவிட்டது. நான்தானே பேய்? இனிமேல் வேறு யார் வரவேண்டும்?"

ஷிமா உட்கார்ந்து, வாலைக் கால்களைச் சுற்றி வைத்துக்கொண்டு, கதை சொன்னது.

"ஒரு மலையில் மூன்று நண்பர்கள் இருந்தார்கள். மனிதர்கள் அவர்கள் மேல் வீண்பழி போட்டிருந்தார்கள். மூவருக்கும் அதில் மகா கோபம். ஒரு நாள் ஒருவன் தண்ணீர் குடிக்கப் போனான். மிச்சம் இருந்த இருவரும், அவன் அரிவாளோடு காற்றில் வருகிறவன் என்று பேசிக்கொண்டார்கள். ஒருவன் முதுகு சொறியப் போனான். மிச்சம் இருந்தவர்கள், அவன் வயிறு ஆள்பிடிக்கும் மத்தளம் என்றார்கள். ஒருவர் புதரைப் பார்க்கப் போனார். மிச்சம் இருந்தவர்கள், அவர் தலையில் இலை வைத்துக் குடும்பங்களைக் கெடுக்கிறவர் என்றார்கள். அந்த மலையில் பேயாக மாறுவதற்கு வால் பிளக்க வேண்டியதில்லை. நூறு வயதாக வேண்டியதில்லை. எழுந்து பத்து அடி தள்ளிப் போனால் போதும். கதை முடிந்தது."

ஷிமா முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டியது. நூறாவது சொடக்குத் தக்காளி கீழே விழுந்து உருண்டது.

மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பேய் வரவில்லை. இலை ஒன்று விழுந்தது. குளத்தில் தவளை ஒன்று குதித்தது.

முதலில் இதாச்சி வாயைத் திறந்தது. "அண்ணே! கடல் பேய் என்று சொன்னீர்களே! அது நானா?"

"பொறு தம்பி. நீ பனிப் பெண் என்று சொன்னாயே, அதற்கு மத்தளம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டது தனுகி.

"முதலில் என் குடையைப் பற்றிப் பேசுவோம்!" என்று சீறியது நரி. "மணப்பெண்ணா? நானா? என் குடும்பத்தைப் பற்றி என் வீட்டு வாசலிலேயே!"

"நீங்கள் மட்டும் என்னை அரிவாள்காரன் என்று சொல்லலாமா? அதனால்தான் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறீர்களா!"

"நீ வயிற்றுக்குள் மத்தளம் என்றாய்!"

"நீ தலையில் இலை என்றாய்!"

மலை முழுவதும் எதிரொலித்தது. ஷிமா கருவாட்டைக் கவ்விக்கொண்டு கோயிலின் பக்கம் மெல்ல நடந்தது.

"நில்! எங்கே போகிறாய்? இடம் இல்லை என்றோமே!" என்று நரி கத்தியது.

"வந்து தடுங்கள்" என்றது ஷிமா, கருவாட்டைக் கீழே வைத்துவிட்டு.

நரி பாதி எழுந்தது. தனுகியும் இதாச்சியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நரி அதைப் பார்த்தது. மறுபடியும் உட்கார்ந்துகொண்டது.

"இதாச்சி, நீ வேகமாக ஓடுகிறவன். போய்த் தடு!"

"நான் போனால் நீங்கள் இரண்டு பேரும் இங்கே என்ன பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? தனுகி போகட்டும்!"

"நான் போகமாட்டேன்! போன தடவை முதுகு சொறியப் போய்த்தான் மத்தளமானேன்!"

"மூவரும் சேர்ந்தே போவோம்" என்றது நரி.

"யார் முன்னால்?" என்று கேட்டது இதாச்சி.

மூவரும் யோசித்தார்கள். யார் முன்னால் போனாலும் அவனுக்குப் பின்னால் இருவர் இருப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் போகலாம் என்றால், கோயிலுக்குப் போகும் வழி ஒற்றையடிப் பாதை.

ஆகவே மூவரும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். தாகம் எடுத்தது, யாரும் குளத்துக்குப் போகவில்லை. அரித்தது, யாரும் மரத்துக்குப் போகவில்லை. ஒருவர் கண்ணயர்ந்தால் மற்ற இருவருக்கும் அவர் தூரத்தில் இருப்பதாக ஆகிவிடும் என்று தூங்கவும் இல்லை.

தரைப் பலகைக்கு அடியில் ஷிமா கருவாட்டைப் பிரித்தது. அது மத்தி மீன். வால் பக்கத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது.

தன்மேல் விழுந்த வீண்பழியைப் பொய் என்று அறிந்த பிறகும், அடுத்தவன்மேல் விழுகிற பழியை உண்மை என்று பரப்புகிறவன், தன் முதுகைத் திருப்பும் நிம்மதியை இழக்கிறான்.

ஐந்தாம் நாள், அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்தது. அது நின்றபோது, அங்கேயே உட்கார்ந்திருந்த தனுகியின் முதுகில் நான்கு விரற்கடை பனி இருந்தது.